யாளியா, டிராகனா, வடவைக் குதிரையா? லாவாவில் ஒரு மிருகம் வரையும் முன்

எரிமலைக் குழம்புக்கு நடுவில் ஒரு கற்பனை மிருகம் வரையலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மிருகத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். கொம்பு எத்தனை, இறக்கை உண்டா, வாலில் முள் வைக்கலாமா என்று பென்சில் ஓடுகிறது. மிருகம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் தாளில் சிவப்பையும் ஆரஞ்சையும் பூசிவிட்டால் லாவா வந்துவிடும் என்ற நம்பிக்கை. வராது. இந்த மாதிரிப் படத்தில் லாவா பின்னணி இல்லை, விளக்கு. விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மிருகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்று போட முடியாது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன்: முதலில் இடம், அப்புறம் மிருகம், கடைசியில் வண்ணம்.

ரீயூனியனில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இணையத்தில் படம் தேடி, அதைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. உலகில் மிக அடிக்கடி குமுறும் எரிமலைகளில் ஒன்று தீவின் தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்று முழுப்பெயர் சொல்கிறவர்கள் குறைவு. 'வோல்கான்' என்றாலே போதும். பெரும்பாலும் இது மலைச்சரிவில் பிளவு விட்டு ஒழுகும் ரகம், வெடித்துச் சிதறும் ரகம் இல்லை. மிருகப் படத்துக்கு இதுதான் வசதி. வெடிக்கும் மலையின் பக்கத்தில் மிருகத்தை நிறுத்தினால் சாம்பல் மேகத்தில் அது காணாமல் போய்விடும். ஒழுகும் லாவாவின் பக்கத்தில் நிறுத்தலாம், நடக்க விடலாம், சுருண்டு படுக்கவும் வைக்கலாம்.

எந்த இடம்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நள்ளிரவுக் காட்சி. மலையில் ஒரு பிளவு, அதிலிருந்து வரிசையாகப் பீறிடும் தீ ஊற்றுகள். எரிமலை விழித்துக்கொண்டால் என்க்ளோ ஃபூக்கே என்ற பெரும்பள்ளத்துக்குள் போகத் தடை போட்டுவிடுவார்கள். விளிம்பில் நின்றுதான் பார்க்க முடியும். அப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். லாவா இருப்பது கொஞ்ச இடம்தான், மிச்சமெல்லாம் கறுப்பு. அந்தக் கொஞ்சத்தின் வெளிச்சம் மேலே எழும் புகையின் அடிவயிற்றில் பட்டு, புகைதான் பெரிய ஆரஞ்சு விதானமாக விரிகிறது. புகையைக் கறுப்பாக அடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிளவிலிருந்து வருவது நீராவியும் கந்தக வாயுவும். கரும்புகை எழுவது லாவா காட்டையோ தார்ச்சாலையையோ எரிக்கும்போதுதான்.

இந்தக் காட்சியின் பலம் அதன் நாடகம். பலவீனமும் அதுதான். மிருகத்தை லாவாவின் முன்னால் நிறுத்தினால் அது வெறும் நிழலுருவம் ஆகிவிடும். செதில் செதிலாக உட்கார்ந்து வரைந்ததெல்லாம் இருட்டுக்குள் போய்விடும். உங்கள் மிருகத்தின் வெளிக்கோடு மட்டுமே ஆளை நிறுத்தும் அளவுக்கு அழகாக இருந்தால் இதை எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

இரண்டாவது, பாதி ஆறிய பாறைவெளி, பொழுது சாயும் நேரம். லாவாவின் மேல்தோல் கறுத்து இறுகிவிட்டது. அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெடிப்புகளில் மட்டும் வெளிச்சம். வானத்தில் ஊதா கலந்த நீலம் மிச்சமிருக்கிறது. இதில் இரண்டு விளக்குகள் கிடைக்கின்றன. கீழே சூடான ஆரஞ்சு, மேலே குளிர்ந்த நீலம். மிருகத்தின் முதுகும் தெரியும், வயிறும் தெரியும், ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

இதற்கான மாதிரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிழக்குக் கரையில் தேசியச் சாலை 2 கிரான் ப்ரூலே வழியாகப் போகும்போது, பழைய லாவா ஓட்டங்களை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. எந்த ஓட்டம் எந்த ஆண்டில் வந்தது என்று பக்கத்தில் பலகை இருக்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நோட்டோடு உட்காரலாம். இரண்டு வகைப் பரப்பு தெரியும். ஒன்று வழவழப்பானது: மேல்தோல் இறுகும்போது அடியில் ஓட்டம் தள்ளியதால் கயிறு சுருட்டி வைத்தது போல மடிப்பு மடிப்பாக உறைந்தது. வெயிலில் அது கறுப்பாகவே தெரியாது, ஈயப் பளபளப்பாகத் தெரியும். இன்னொன்று கரடுமுரடு, உடைந்த கட்டிகளின் குவியல். உள்ளூரில் கிராத்தோன் என்பார்கள். மிருகத்தின் பாதத்தை வழவழப்பின் மேல் வைப்பதும் கிராத்தோன் மேல் வைப்பதும் ஒன்றல்ல. முன்னதில் நகம் பதியும், பின்னதில் விரல்கள் விரிந்து கட்டிகளைப் பற்ற வேண்டும். கொஞ்சம் பழைய ஓட்டங்களில் வெள்ளைச் சாம்பல் நிறப் பாசி போல ஒன்று படர்ந்திருக்கும். அது லைக்கன், புது லாவாவில் முதலில் குடியேறும் உயிர்களில் ஒன்று. அதை மிருகத்தின் முதுகில் கொஞ்சம் படர விட்டால், அது எத்தனை காலமாக அங்கே அசையாமல் கிடக்கிறது என்று ஒரு வரி எழுதாமலே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, லாவா கடலில் இறங்கும் இடம். 2007 ஏப்ரலில் த்ராம்ப்ளே பக்கம் லாவா சாலையைத் தாண்டிக் கடலுக்குள் போய்த் தீவுக்குப் புது நிலமே சேர்த்தது. அதே சமயத்தில் உச்சியில் தொலோமியோ பள்ளத்தின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் இடிந்து இறங்கியது. கடலில் இறங்கும் லாவாவின் மேல் எழுவது வெள்ளை ஆவி; உப்புநீரோடு சேர்வதால் அதில் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகளும் இருக்கும், கிட்டே போகக்கூடாது. வரைகிறவருக்கு அந்த ஆவிதான் பரிசு, அதுவேதான் சோதனை. ஓரங்கள் கரைந்து கரைந்து போகும் ஒரு வெள்ளைக்குள் ஆரஞ்சு ஒளி பரவுவதைக் காட்டுவது கையில் பழக்கம் உள்ளவர்களுக்கே வரும்.

பட்டப்பகல் சிவப்பு மண்வெளியையும் சிலர் கேட்கிறார்கள். ப்ளேன் தே சாப்ல் அப்படி ஒரு இடம். பார்த்தால் செவ்வாய்க் கிரகம் போல இருக்கும். ஆனால் அங்கே ஒளிரும் லாவா இல்லை, எனவே விளக்கும் இல்லை. பா த பெல்கோம்ப் என்ற பள்ளத்தின் விளிம்பிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஃபோர்மிகா லேயோ என்ற குட்டிச் செங்கூம்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுருண்டு தூங்கும் மிருகத்துக்கு அதைவிட நல்ல மாதிரி வடிவம் கிடையாது.

லாவா தண்ணீர் இல்லை

இடத்தை எடுத்தாயிற்று என்றால் மிருகத்தை அதில் இறக்கும் முன் இரண்டு விஷயம்.

லாவாவில் மிருகம் நீந்துவதாக, தலை மட்டும் வெளியே தெரிவதாக வரைகிறார்கள். எரிமலைப் பாறைக் குழம்பு தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி. சதையும் எலும்புமான உடம்பு அதில் மூழ்காது, மேலேதான் கிடக்கும். உங்கள் மிருகம் பாறையால் ஆனது என்று காட்டினால் மட்டுமே அது கழுத்து வரை இறங்க முடியும். அப்படியானால் தோலில் பாறை தெரிய வேண்டும். நடக்கிற மிருகம் என்றால் பாதம் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். தண்ணீர் போல அலை வட்டமோ சிதறலோ வராது. காய்ச்சிய வெல்லப் பாகு கரண்டியைச் சுற்றி எப்படி மெதுவாக மடிகிறதோ அப்படி மடியும்.

இன்னொன்று, எதிரே ஒன்று நின்றால் லாவா எப்படி நடந்துகொள்ளும் என்பது. இதற்குப் பித்தோன் சேந்த்-ரோஸ் ஊர்த் தேவாலயத்தைப் பார்த்தால் போதும். 1977-ல் லாவா ஊருக்குள் இறங்கியபோது கோயிலின் வாசலைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய்விட்டது. நோத்ர்-தாம் தே லாவ் என்று இன்றும் அந்த இறுகிய குழம்போடு நிற்கிறது. அற்புதம் என்பவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் நம்பிக்கை. வரைகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வடிவத்தை. வரும் பக்கத்தில் குவிந்து, மடிப்பு விழுந்து, இரு பக்கமும் தோளை உரசிக்கொண்டு ஓடி, பின்னால் ஒரு காலி இடம் விட்டுச் சேர்கிறது. மிருகத்தின் நான்கு கால்களைச் சுற்றியும் இதே வடிவத்தைச் சின்னதாகப் போட்டால், அது லாவாவில் நிற்கிறது என்று பார்க்கிறவர் நம்புவார். போடாவிட்டால் மேலே ஒட்டின படம் மாதிரி இருக்கும்.

எந்த மிருகம்?

டிராகனை மட்டம் தட்டப் போவதில்லை. அதற்கென்று ஒரு தனி வித்தை இருக்கிறது: சவ்வு இறக்கை. லாவா பின்னாலிருந்து அடித்தால் அந்தச் சவ்வு வழியாக ஒளி ஊடுருவி, நரம்பும் எலும்பும் கறுப்பாகத் தெரியும். இரவுப் பிளவுக் காட்சியில் நிழலுருவம் ஆகிவிடும் என்று சொன்ன குறைக்கு இந்த இறக்கையே மருந்து. குறை என்னவென்றால், எல்லா டிராகனும் அண்ணன் தம்பி. சினிமாவிலும் வீடியோ கேமிலும் பார்த்துப் பார்த்துக் கை தன்னால் அதே மூக்கு, அதே கழுத்து என்று போய்விடுகிறது.

யாளிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், வாய்க்குள் உருளும் கல் உருண்டை என்று கோயில் தூண்களில் பார்த்திருப்போம். இங்குள்ள கோயில்கள் பலவற்றின் கோபுரங்களில் தமிழ்நாட்டு ஸ்தபதிகளின் கைவேலை உண்டு. சேன்-ஆந்த்ரே, சேன்-பியேர் பக்கம் போனால் கோபுரத்து முகங்களை நின்று பார்க்கலாம். ஆனால் தூணில் இருக்கும் யாளி கல்லுக்காக யோசித்தது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலை மடக்கி, தூணைத் தாங்கி நிற்கும். அதை அப்படியே பெயர்த்து லாவாவில் வைத்தால் பொம்மை போல இருக்கும். நாலு காலில் இறக்கி எடை கொடுக்க வேண்டும்: தோள் முன்னுக்குத் தள்ளி, வயிறு தொய்ந்து, துதிக்கை தரையை மோந்து பார்த்தபடி.

இதைச் செய்துவிட்டால் யாளிக்கு நிகர் எதுவும் இல்லை. காரணம் பிடரி. யாளியின் பிடரி மயிர் சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளும் உள்ளே திரும்பி முடியும். கயிறு மடிப்பு லாவாவை ஒருமுறை நின்று பார்த்தவருக்குத் தெரியும், அதுவும் இதே சுருள்தான். இரண்டையும் ஒரே கோட்டால் வரையலாம். பிடரி எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் விட்டுவிடலாம். மிருகம் நிலத்திலிருந்தே எழுந்து வருகிறது என்ற எண்ணம் தன்னால் வரும். டிராகனில் இது நடக்காது. அது எப்போதும் எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியதுதான்.

வடவைக் குதிரை மூன்றாவது. கடலுக்கு அடியில் பெண்குதிரை முகத்தோடு ஒரு தீ இருக்கிறது, கடல் கரை தாண்டாமல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, ஊழிக் காலத்தில் வெளியே வந்து உலகை எரிக்கும் என்பது நம் புராணங்கள் சொல்வது. லாவா கடலில் இறங்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான மிருகத்தை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆவிதான் பிடரி, கறுத்த பாறைதான் தாடை, நாசித் துளையில் ஒளி. படம் மனதில் உடனே வந்துவிடுகிறது, கைக்கு வருவதுதான் கடினம். குதிரை உடற்கூறு இரக்கமில்லாதது. யாளியின் தோள் ஒரு விரல் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது, குதிரையின் கன்னத்து எலும்பு தள்ளிப் போனால் கழுதை என்பார்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வரைகிறவர்களுக்கு வேறு யோசனை. வேலியில் உட்கார்ந்திருக்கும் ஆந்தோர்மியைக் காட்டுங்கள். நம் தோட்டத்துப் பச்சோந்திதான். உருளும் கண், இடுக்கிக் கால், சுருட்டிய வால் என்று பாதிக் கற்பனை மிருகம் தயாராகவே இருக்கிறது. நெருப்பில் வாழும் பல்லி என்று ஐரோப்பியர் சொன்ன சாலமாண்டரை இதன் மேல் ஏற்றிவிடலாம். நெருப்புப் பறவை கேட்கும் பிள்ளைக்குக் கடலோரப் பாறைகளில் சுற்றும் வெள்ளை வால்நீளப் பறவை இருக்கிறது. அந்த நீண்ட வாலிறகைத் தீயாக்கினால் போதும்.

எந்த மிருகமானாலும் ஒளி கீழிருந்து வருகிறது என்பதைக் கை ஏற்றுக்கொள்ளச் சிரமப்படும். வெயிலில் வளர்ந்த கண் நமக்கு. நெற்றியை வெளிச்சமாகவும் தாடைக்கு அடியை இருட்டாகவும் போட்டே பழக்கம். இங்கே தலைகீழ். தாடையின் அடி, மூக்குத் துவாரத்தின் மேல் வளைவு, புருவ மேட்டின் கீழ்ப்பக்கம், வயிறு, அக்குள் எல்லாம் ஒளிரும். கண்குழிக்கு மேலே நிழல் ஏறும். வீட்டில் ஒரு சிங்க பொம்மை இருந்தால் அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை அதன் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். மேலுதட்டின் நிழல் மூக்கைத் தாண்டி நெற்றிக்கு ஏறுவது தெரியும். பார்த்தவுடனே பென்சிலில் குறித்துக்கொண்டால் யாளிக்கும் குதிரைக்கும் அதுவே உதவும்.

எதில் வரைவது?

வண்ணத்தைப் பற்றி முதலில் ஒரு விதி, ஊடகம் எதுவானாலும். சூடு அதிகமானால் நிறம் வெளுக்கும். பிளவிலிருந்து வரும்போது லாவா 1,150 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், அது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆறி 800-க்கு வரும்போது செர்ரிச் சிவப்பு. 500-க்குக் கீழே போனால் கண்ணுக்கு ஒளியே தெரியாது, ஆனாலும் சுடும். ஆகவே ஒரு வெடிப்பை வரையும்போது நடுவில் மஞ்சள், அதன் ஓரத்தில் ஆரஞ்சு, அப்புறம் ஒரு மெல்லிய கருஞ்சிவப்பு, பிறகு கறுப்பு. பலரும் நடுவில் சிவப்பை வைத்து ஓரத்தில் மஞ்சளை இழுக்கிறார்கள். அது லாவாவாகத் தெரியாமல் பூவாகத் தெரிகிறது. தெறிக்கும் துளிகளுக்கும் இதே கணக்குத்தான். கீழே பிளவருகில் மஞ்சள், மேலேறி வளைந்து விழும்போது சிவந்து, தரையைத் தொடும் முன் கறுக்கும்.

இரவுப் பிளவுக் காட்சிக்குக் கறுப்புத் தாளும் மென் பாஸ்டல் குச்சியும். தாளே இருட்டு என்பதால் வேலை பாதி முடிந்தது; விரலால் தேய்த்தால் புகையின் ஆரஞ்சு விதானம் சில நிமிடத்தில் வரும். கலர் பென்சிலை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்புத் தாளில் அதன் நிறம் சாம்பல் பூத்துப் போகும். வேறு வழியில்லை என்றால் முதலில் வெள்ளைப் பென்சிலை அழுத்திப் போட்டு அதன் மேல் மஞ்சளைப் போடுங்கள்.

கடலில் இறங்கும் காட்சிக்கு நீர்வண்ணம். ஆவியின் கரையும் ஓரம் ஈரத்தாளில்தான் உண்மையாக வரும், தாளின் வெள்ளையையே ஆவியாக விட்டுவிடலாம். ஆனால் நம் கிழக்குக் கரை மழையும் ஈரப்பதமும் தெரிந்ததுதானே. தாள் காயவே காயாது, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் பொறுமை போய்விடும். தலைமுடி உலர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுப் போட்ட மாலைப் பாறைவெளிக்கு அக்ரிலிக். பலகை முழுவதும் கரும் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு கறுப்பை அடித்துக் காய விட்டு, அதன் மேல் வெளிச்சத்தைக் கட்டிக்கொண்டு வரலாம். தப்பினால் மேலே அடித்து மறைக்கலாம். ஒரு பொறி மட்டும் உண்டு. கறுப்பின் மேல் நேராக மஞ்சளைப் போட்டால் அது பச்சையாகப் போகும், பாசி பிடித்த பச்சை. மஞ்சள் நிறமிகள் பலவும் ஒளி ஊடுருவக்கூடியவை, கீழே இருக்கும் கறுப்போடு சேர்ந்து அப்படித் தெரிகிறது. வெடிப்பின் கோட்டை முதலில் வெள்ளையில் இழுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே மஞ்சளையும் ஓரத்தில் ஆரஞ்சையும் மெல்லிய பூச்சாக ஓட்ட வேண்டும். வெள்ளை இன்னும் ஈரமாக இருக்கும்போது மஞ்சளை வைத்தால் வெண்ணெய் நிறம்தான் கிடைக்கும்.

கணினியில் வரைகிறவர்களுக்குக் கிருத்தா என்ற வரையும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஐபேடு இருந்தால் புரோக்ரியேட். ஒளியைத் தனி அடுக்கில் வைத்து, கீழே இருப்பதை வெளிச்சமாக்கும் 'ஸ்கிரீன்' முறையில் ஏற்றினால் ஒரு சொடுக்கில் ஜொலிக்கும். அந்தச் சுலபம்தான் ஆபத்து. எல்லா வெடிப்பும் ஒரே அளவில் ஜொலித்தால் மிருகம் பிளாஸ்டிக்காகிவிடும், நியான் விளக்குக் கடை மாதிரி. படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்து, அப்பட்டமான வெள்ளை ஓரிரு இடத்தில் மட்டும் மிஞ்சும் வரை மற்றதை இறக்குங்கள்.

யாருக்கு எது?

முதல் தடவை வரைகிறவர், ஒரு சாயங்காலத்தில் முடிக்க வேண்டும் என்றால், கறுப்புத் தாளில் பாஸ்டலோடு இரவுப் பிளவும் டிராகனின் நிழலுருவமும். பார்க்கிறவர் வாயைப் பிளப்பார், உங்களுக்கும் உற்சாகம் வரும். சட்டம் போட்டு மாட்ட வேண்டிய படம் என்றால் யாளியும் மாலைப் பாறைவெளியும் அக்ரிலிக்கும். கிரான் ப்ரூலேக்கு ஒரு தடவையாவது போய்க் கயிறு மடிப்பை நோட்டில் எடுத்துக்கொண்டு வந்து ஆரம்பிக்கவும். படம் எடுத்து வந்தால் போதாதா என்றால், போதாது. கேமரா அந்த ஈயப் பளபளப்பைக் கறுப்பாக்கிவிடுகிறது, மடிப்பின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது.

வடவைக் குதிரையைச் சங்க மண்டபச் சுவரில் போடலாமா என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம், அகலச் சுவர் அதற்குத்தான் வேண்டும். சின்னத் தாளில் ஆவிக்கு இடமே இருக்காது. ஆனால் சுவரில் நீர்வண்ணம் நிற்காது, அக்ரிலிக்கில் ஆவியைக் கொண்டுவர ஈரத் துணியும் அகலத் தூரிகையுமாக இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், ஒருவர் பூச, மற்றவர் காயும் முன் ஓரத்தைத் துடைக்க. குதிரை பழகிய கை ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். இல்லையென்றால் அந்தச் சுவருக்கும் யாளியே சரி.